ஐந்து கணினி, முப்பத்தாறு பிள்ளைகள்

ஓர் ஆசிரியை கேட்டது இது: "எங்களுடையது அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளி. முன்னாள் மாணவர்கள் ஐந்து பழைய கணினியும் ஒரு ப்ரொஜெக்டரும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வகுப்புக்கு 36 பிள்ளைகள். வாரம் ஒரு கம்ப்யூட்டர் பீரியட் போட்டு பெயின்ட், வேர்டு சொல்லிக்கொடுங்கள் என்கிறார் எச்.எம். எனக்கோ ஆறு முதல் எட்டு வரை கணக்கும் அறிவியலும் நடத்தவே இதைப் பயன்படுத்த ஆசை. இன்டர்நெட் வந்தால் வரும், போனால் போகும். எப்படித் தொடங்குவது? வீடியோ போட்டுக் காட்டினாலே போதுமா?"

டீச்சர், உங்கள் ஆசைதான் சரி. எச்.எம். சொல்வதையும் முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். அதில் ஒரு பகுதி நமக்கு உதவும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கணக்குப் பட்டதாரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பதினைந்து வருடம் என் வகுப்பில் ஏதோ ஒரு கணினி இருந்தது. அதில் முதல் நாலைந்து வருடத்தை வீணடித்தேன் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாடத்தை ஸ்லைடு ஸ்லைடாகத் தட்டி, சுவரில் காட்டி, அதையே வாசித்தேன். பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். புரிகிறது, அதனால்தான் அமைதி என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கினால் யாராக இருந்தாலும் அமைதியாகத்தான் இருப்பார்கள். மத்தியானப் பாடவேளை என்றால் தூங்கியும் விடுவார்கள்.

அப்புறம் பிடிபட்டது ஒன்றுதான். பிள்ளை தன் ஊகத்தை முதலில் நோட்டில் எழுத வேண்டும், திரை அதற்குப் பிறகுதான் விடை காட்ட வேண்டும். எழுதாமல் பார்க்கிற பிள்ளை எதைக் காட்டினாலும் "ஆமா சார், தெரியும் சார்" என்றுதான் சொல்லும். எழுதிவிட்டுப் பார்க்கிற பிள்ளைதான் "அய்யய்யோ" என்று தலையில் கை வைக்கும். அந்த "அய்யய்யோ"வுக்காகத்தான் கணினி. மற்றதற்குக் கரும்பலகையே போதும், பல நேரம் அதுதான் மேல்.

ஒரு பாடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஆறாம் வகுப்பு, சுற்றளவும் பரப்பளவும். சூத்திரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாயில் இருக்கும். 20 மீட்டர் கயிறு ஒன்றைக் கொடுத்து, "இதை வைத்து ஒரு செவ்வக இடத்தை வளைக்கணும். எப்படி வளைத்தாலும் உள்ளே இருக்கிற இடம் அதேதானா, மாறுமா? நோட்டில் எழுதுங்க" என்று கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் வருடா வருடம் பாதிக்கு மேல் "அதேதான்" என்று எழுதினார்கள். ஒரு பெண் எழுந்து, "கயிறு அதேதானே சார், இடம் மட்டும் எப்படி மாறும்?" என்று என்னையே மடக்கினாள். நல்ல கேள்வி. அந்தக் கேள்வி அறையில் எழுந்த பிறகுதான் நான் கணினியைத் தொட்டேன்.

உருவங்களைத் திரையில் வரைந்து இழுத்துப் பார்க்க உதவும் கணித மென்பொருள் ஜியோஜீப்ரா. அதில் இதைச் செய்யப் பத்து நிமிடம் ஆகும். 0 முதல் 10 வரை ஓடும் ஒரு ஸ்லைடர் வையுங்கள். அந்த எண்தான் செவ்வகத்தின் நீளம். 10லிருந்து அதைக் கழித்தால் வருவது அகலம். நான்கு முனைகளையும் இந்த இரண்டு அளவால் கொடுத்துப் பலகோணமாக இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஸ்லைடரை இழுக்க இழுக்கச் செவ்வகம் ஒல்லியாகும், குண்டாகும். சுற்றளவு 20லேயே நிற்கும். பரப்பளவு மட்டும் ஓடும். 9க்கு 1 என்றால் 9, 8க்கு 2 என்றால் 16, 7க்கு 3 என்றால் 21, 6க்கு 4 என்றால் 24, 5க்கு 5 என்றால் 25. அதைத் தாண்டினால் மறுபடி இறங்கும். இதைக் கரும்பலகையில் வரைந்தும் காட்டலாம்தான். ஆனால் நாலு செவ்வகம் வரைவதற்குள் மணி அடித்துவிடும். அதைவிட முக்கியம், அங்கே வரைகிற கை நம்முடையது. இங்கே ஸ்லைடரை இழுக்கிற கை அந்தப் பெண்ணுடையது.

அவள் நடுவில் நிறுத்தி, முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தாள். கடைசியில் ஸ்லைடரை ஓரத்துக்கே கொண்டுபோய் செவ்வகத்தை ஒரு கோடாக்கிவிட்டு, "சார், கயிறு இருக்கு, இடமே இல்லை" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் நாலைந்து ஸ்லைடு தயாரித்திருப்பேன், வந்திருக்காது.

எட்டாம் வகுப்பில் இதையே இன்னொரு படி மேலே கொண்டுபோகலாம். நீளத்தைக் கிடையாகவும் பரப்பளவை நிலையாகவும் வைத்து ஒரு புள்ளி போட்டு, அது போகும் தடத்தைப் பதிய விடுங்கள். "மலை மாதிரி ஏறி இறங்குது சார்" என்பார்கள். பத்தாம் வகுப்பில் வர வேண்டிய வளைவரை. பெயர் சொல்ல வேண்டியதில்லை. பார்த்து வைத்திருக்கட்டும்.

ஜியோஜீப்ராவை மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் தன் முதுகலை ஆய்வாகத் தொடங்கினார். பள்ளிகளுக்கு இலவசம், ஒருமுறை நிறுவிவிட்டால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். நம் பாடநூலிலேயே அத்தியாயக் கடைசியில் "இணையச் செயல்பாடு" என்று ஒரு பெட்டி வருகிறதே, அதில் பல ஜியோஜீப்ரா பயிற்சிகள்தான். 2018இல் புதிய பாடநூல்கள் வந்ததிலிருந்து இருக்கின்றன. பெரும்பாலான வகுப்புகளில் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போய்விடுகிறோம். நானும் தாண்டியிருக்கிறேன்.

அறிவியலுக்கு இதே வேலையைச் செய்வது, சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க வைக்கும் ஃபெட் செயலிகள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. முந்தின வருடம் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர் அவர். பல செயலிகள் தமிழிலும் இருக்கின்றன. மின்சுற்றுப் பாடத்துக்கு அதை எடுங்கள். ஒரு பாட்டரி, தொடராக இரண்டு பல்பு. எது பிரகாசமாக எரியும் என்று முதலில் எழுதச் சொல்லுங்கள். "பாட்டரிக்குப் பக்கத்தில் இருப்பது" என்றுதான் பலர் எழுதுவார்கள். மின்னோட்டத்தை முதல் பல்பு கொஞ்சம் குடித்துவிடுகிறது, மிச்சம்தான் அடுத்ததற்குப் போகிறது என்பது அவர்கள் மனதில் இருக்கிற படம். சொட்டுநீர்க் குழாயில் கடைசிச் செடிக்குத் தண்ணீர் குறைவாக வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், அப்படி நினைப்பதில் நியாயம் இருக்கிறது. திரையில் இரண்டும் ஒரே அளவில் எரியும். அம்மீட்டரைச் சுற்றில் எங்கே வைத்தாலும் ஒரே எண் காட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அதோடு நிறுத்திவிட்டால் "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வரும்" என்று ஒதுக்கிவிடுவார்கள். மறுநாள் நிஜமான டார்ச் பல்பு இரண்டை வயரில் கோத்துக் காட்ட வேண்டும். காட்டும்போது நம்மை அவமானப்படுத்துகிற மாதிரி ஒன்று நடக்கும். கடையில் வாங்கிய இரண்டு பல்பும் ஒன்றுபோல் இருக்காது, ஒன்று மங்கலாகத்தான் எரியும். உடனே "பாத்தீங்களா சார்!" என்று ஒரு குரல் வரும். பதறாமல் இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் போடுங்கள். மங்கல், இடத்தோடு நிற்காமல் பல்போடு போகும். குறை பல்பில்தான், வரிசையில் இல்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நேராக நிஜ பல்பில் தொடங்கியிருந்தால் அந்த மங்கல் அவர்களுடைய தப்பான படத்தை உறுதிப்படுத்தியிருக்கும். அதனால்தான் திரை முதலில், வயர் பிறகு. கொலராடோ ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்விலும் இதே திசையில்தான் முடிவு வந்தது. மின்சுற்றைச் செயலியில் கற்ற கல்லூரி மாணவர்கள், நிஜக் கருவிகளில் மட்டும் கற்றவர்களைவிட நிஜச் சுற்றை இணைப்பதிலேயே நன்றாகச் செய்தார்கள்.

சரி, இதெல்லாம் ஒரு வாத்தியாரின் அனுபவம், ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று உங்கள் எச்.எம். கேட்கலாம். கேட்டால் நான்கு ஊரைச் சொல்லுங்கள்.

முதலாவது வடோதரா. 2000இல் குஜராத் அரசு அந்த நகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்குத் தலா நான்கு கணினி கொடுத்தது. கொடுத்த பிறகு பார்த்தால், சின்ன வகுப்புப் பிள்ளைகள் தொட்டவை மிகச் சில. உங்கள் கதைதான். பிரதம் தொண்டு நிறுவனம் உள்ளே வந்து, நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு கணினிக்கு இருவராக உட்கார வைத்து, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகள் கொடுத்தது. கேள்வியின் கடினம் பிள்ளையின் விடைக்கு ஏற்ப ஏறி இறங்கும். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலிய பொருளியலாளர்கள் அதை அளந்து 2007இல் வெளியிட்டார்கள். கணக்கு மதிப்பெண் முதல் வருடம் 0.35 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு), இரண்டாம் வருடம் 0.47 உயர்ந்திருந்தது. பள்ளிக்கல்வி ஆய்வுகளில் இது பெரிய எண். திட்டம் நின்று ஒரு வருடம் ஆனதும் பெரும்பகுதி கரைந்துவிட்டது என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள அதுவும் வேண்டும்.

இரண்டாவதும் குஜராத். லீ லிண்டன் என்ற பொருளியலாளர், ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் ஒரே மென்பொருளை இரண்டு விதமாகச் சோதித்தார். ஆசிரியர் நடத்தும் நேரத்தைப் பிடுங்கிக் கணினிக்குக் கொடுத்த இடத்தில் பிள்ளைகள் பின்தங்கினார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்த இடத்தில் முன்னேறினார்கள். அதே மென்பொருள், அதே மாதிரிப் பிள்ளைகள்.

மூன்றாவது பெரு நாடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஆய்வு செய்து 2012இல் வெளியிட்டார்கள். கணினி எண்ணிக்கை, மாணவருக்கு 0.12 என்பதிலிருந்து 1.18 ஆனது. கணக்கு, மொழித் தேர்வு மதிப்பெண்களில் மாற்றமே தெரியவில்லை. கணினி வந்தது, அதை வைத்து இந்தப் பாடத்தில் இதைச் செய் என்பது வரவில்லை.

நான்காவது டெல்லி. 2015இல் அரசு நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் 600க்கு மேற்பட்டவர்களை வைத்து, பள்ளி விட்ட பிறகு நடத்திய ஆய்வு. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கானிமியான் செய்தது. 45 நிமிடம் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள், 45 நிமிடம் சின்னக் குழுவில் ஓர் உதவியாளர். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்கம் உயர்வு. அதில் என்னை உறுத்தியது வேறொன்று. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த சராசரிப் பிள்ளை, கணக்கில் இரண்டரை வகுப்பு பின்னால் இருந்தது. நாம் ஆறாம் வகுப்புப் பாடத்தை எவ்வளவு அழகாக நடத்தினாலும் அந்தப் பிள்ளைக்கு அது தலைக்கு மேலே போகிற பேருந்து. அந்த மென்பொருள் மூன்றாம் வகுப்புக் கழித்தலில் இறங்கி நின்று கேள்வி கேட்டது. 36 பேருக்கு நடுவில் நம்மால் முடியாத காரியம் அது.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் ஐந்து கணினிக்கான இடம் தெரிந்துவிடும். பாடம் நடத்துவது நீங்கள்தான். அந்தந்தப் பிள்ளை நிற்கிற படியில் பயிற்சி கொடுக்கவும், கையால் இழுத்துப் பார்த்துத் தன் ஊகத்தைத் தானே உடைத்துக்கொள்ளவும் கணினி.

இனி நடைமுறை. ஒரே பாடவேளையில் 36 பேரையும் ஐந்து கணினிக்கு முன்னால் நிறுத்தினால் அது திருவிழாக் கூட்டம். கால அட்டவணையில் வாரம் ஒருமுறை அடுத்தடுத்து இரண்டு பாடவேளை கேட்டு வாங்குங்கள். வகுப்பை 12, 12, 12 ஆகப் பிரியுங்கள். ஒரு குழு கணினியில், ஒரு குழு உங்களோடு பலகைக்குப் பக்கத்தில் தரையில், ஒரு குழு பெஞ்சில் நோட்டுக் கணக்கு. 25 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். 12 பேர் என்றால் மூன்று கணினியில் இரண்டிரண்டு பேர், இரண்டு கணினியில் மும்மூன்று பேர். கெட்டிக்காரக் குழு, மந்தக் குழு என்று பிரிக்காதீர்கள். நீங்கள் வெளியே சொல்லாவிட்டாலும் அவர்களுக்கு அரை மணியில் தெரிந்துவிடும்.

உங்கள் இடம் தரையில் இருக்கிற குழுவோடு. கணினிப் பக்கம் ஓடாதீர்கள். முதல் இரண்டு வாரம் "டீச்சர், இது வரலை" என்று கத்துவார்கள். "முதல்ல பக்கத்து மெஷின்ல கேளு, அங்கயும் வரலைன்னா என்கிட்ட வா" என்று ஒரு விதி போட்டுவிடுங்கள். மூன்றாவது வாரம் சத்தம் அடங்கிவிடும். நேருக்கு நேர் 12 பேரோடு 25 நிமிடம் உட்கார்ந்து, யார் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்ப்பது ஆசிரியருக்கு எப்போது கிடைத்திருக்கிறது? கணினி எனக்குக் கொடுத்ததில் பெரியது அந்த 25 நிமிடம்தான். திரையில் நடந்தது கூட அடுத்ததுதான்.

மவுஸ் ஒரு அரசியல். விட்டால் பையன்கள் கையில்தான் இருக்கும், அதிலும் வீட்டில் கணினி உள்ள பையன் கையில். நான் வைத்த விதி: மவுஸ் பிடித்தவர் பேசக்கூடாது, பக்கத்தில் இருப்பவர் சொல்வதை மட்டும் செய்யணும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டம்ளரில் ஸ்பூனால் தட்டுவேன், கை மாறணும். முதலில் பிடிப்பது பெண் பிள்ளைகள். சொல்லிச் செய்ய வைக்க வேண்டியிருப்பதால் "அதை இங்க இழு" என்பது போய் "முனையைப் பிடிச்சு வலது பக்கம் இழு, கோணம் 90ஐத் தாண்டட்டும்" என்று பேச்சு மாறும். கணக்குச் சொற்கள் வாயில் வருவது இப்படித்தான்.

வீடியோ போதுமா என்று கேட்டீர்கள். போதாது, ஆனால் கெட்டதும் இல்லை. மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட விடாதீர்கள். எனக்குப் பலன் கொடுத்த தந்திரம் ஒன்று: முதல் தடவை சத்தத்தோடு போடுவேன். இரண்டாம் தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, ஒரு பிள்ளையை முன்னால் நிறுத்தி, கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லச் சொல்வேன். இதயத்தில் ரத்தம் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது என்று படம் ஓட ஓட வாயால் சொல்ல வேண்டும். திக்கும். அடுத்தவன் எழுந்து பிடித்துக்கொள்வான். எங்கே புரியவில்லை என்பது அப்போதுதான் நமக்கே தெரியும். இன்னொன்று, திரையில் பத்தி பத்தியாக எழுத்தைப் போட்டு அதையே வாய்விட்டு வாசிக்காதீர்கள். கண் படிக்கிற வேகமும் காது கேட்கிற வேகமும் ஒன்றுக்கொன்று இடிக்கும். படம் திரையில் இருக்கட்டும், சொல் உங்கள் வாயில் இருக்கட்டும்.

எச்.எம். கேட்கிற கம்ப்யூட்டர் பீரியடுக்கு இப்போது வருகிறேன். இந்தியப் பள்ளிகளுக்குக் கணினி வந்ததே 1984-85இல், கிளாஸ் என்ற மத்திய அரசுத் திட்டத்தில், பிபிசி மைக்ரோ என்ற இங்கிலாந்து இயந்திரமாக. அன்றிலிருந்தே கணினி என்றால் தனிப் பாடம் என்று ஒரு பழக்கம். பெயின்டில் வீடு வரைவதை மூன்று வருடம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று அவசியம் சொல்லிக்கொடுக்கணும்: தமிழில் தட்டச்சு, அதுவும் தமிழ்99 விசைப்பலகையில். 1999 சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது. உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். "அக்கா" என்பதில் ககரத்தை இருமுறை தட்டினால் "க்க" ஆகிவிடும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப என்று தட்டினாலும் புள்ளி தானாக வந்துவிடும். வல்லினத்துக்கு அதன் இன மெல்லினம் எது என்று நாம் ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்ய வைக்கிறோமே, அது விரல் நுனியில் வந்து உட்காரும். தமிழாசிரியரிடம் இதைச் சொல்லுங்கள், பீரியடைப் பாதி அவரே எடுத்துக்கொள்வார்.

இன்னொரு நன்மை, பாமினியிலிருந்து அவர்கள் தப்பிப்பார்கள். ஸ்டாஃப் ரூமில் நமக்கெல்லாம் தெரிந்த கூத்து: பாமினி எழுத்துருவில் தட்டிய வினாத்தாளைப் பென் டிரைவில் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனால், அங்கே அந்த எழுத்துரு இருக்காது. "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று ஆங்கிலத்தில் பல்லிளிக்கும். ஒரு காலாண்டுத் தேர்வுக்கு முந்தின சாயங்காலம், கடைக்காரர் நாலு பக்கத்தை அப்படியே நாற்பது பிரதி எடுத்து வைத்திருந்தார். "கோடிங் எக்ஸாம்னு நெனச்சேன் சார்" என்றார். யூனிகோடில் தட்டினால் இந்தத் தலைவலி இல்லை. தேடவும் முடியும், வரிசைப்படுத்தவும் முடியும்.

இயந்திரங்களைப் பற்றிச் சுருக்கமாக. பழைய கணினி என்றால் முதலில் மெமரி 4 ஜி.பி.யாவது இருக்கிறதா பாருங்கள், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. சின்னதாக ஒன்று போடுங்கள். கிழட்டு இயந்திரம் எழுந்து நடக்கும். விண்டோஸ் திணறினால், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் எடை குறைந்த ஒன்றைப் போட்டுவிடலாம். கேரளத்தில் அரசுப் பள்ளிகள் முழுக்கக் கட்டற்ற மென்பொருளில்தான் பல வருடமாக ஓடுகின்றன, பிள்ளைகள் ஒன்றும் குறைந்துபோகவில்லை. சின்ன வகுப்புகளுக்கு ஜீகாம்ப்ரி நல்ல கற்றல் விளையாட்டுத் தொகுப்பு. ஃபெட் செயலிகளைத் தனித்தனிக் கோப்பாக இறக்கி வைக்கலாம். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும், இணையம் இல்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருள் மூலம் ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுவிடலாம். அதனால் இன்டர்நெட் வந்தால் வரட்டும், போனால் போகட்டும்.

ஒன்றை மட்டும் குறித்து வையுங்கள். என்றாவது ஒரு நாள் எந்தத் தளமும் திறக்காமல் "பாதுகாப்பு இல்லை" என்று எச்சரிக்கை வரும். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பத்து வருடம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் இருக்கிற வட்ட பாட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வாட்ச் கடையில் கிடைக்கும். இது தெரியாமல் என் பள்ளியில் ஒரு பருவம் முழுக்க இரண்டு கணினி துணி போர்த்திக் கிடந்தன. துணி என்றதும் நினைவு வருகிறது, பின்பக்க வயர்களை எலி கடிக்கும். வயர்களை மேசைக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள்.

உங்களுக்கென்று ஒரு கணினி வேலை சொல்கிறேன், பதிவேற்ற வேலைகளுக்கு நடுவில் நேரம் கிடைத்தால். வகுப்புத் தேர்வு வைத்ததும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் ஏற்றாமல், விரிதாளில் கேள்வி வாரியாக ஏற்றுங்கள். குறுக்கே கேள்விகள், நெடுக்கே பிள்ளைகள், சரி என்றால் 1, தப்பு என்றால் 0. கீழே கூட்டிப் பார்த்தால் எந்தக் கேள்வியில் வகுப்பே விழுந்தது என்று தெரியும். அந்தக் கேள்விக்கு மட்டும் தப்பான விடை என்ன எழுதினார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். மூன்றின் கீழ் நான்கோடு அரையைக் கூட்டச் சொன்னால், எனக்கு வருடா வருடம் வந்த தப்பு ஒன்றேதான்: மேலே மேலே கூட்டி, கீழே கீழே கூட்டி, 4/6. "முக்காலோட அரையைச் சேர்த்தா முக்காலை விடக் குறைஞ்சுபோச்சே, எப்படி?" என்று அடுத்த வாரம் தரைக் குழுவில் கேட்டால் போதும். எதைக் கேட்பது என்பதை எனக்குச் சொன்னது அந்த விரிதாள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கேட்பார்கள். ஒரே மாதிரிக் கணக்கை எண் மாற்றிப் பத்தாகத் தருவதற்கு உங்களுக்கு உதவும். விடையை நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையை அதன் முன்னால் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஊகிக்கிற வேலையை அது பிள்ளைக்கு முன்னால் செய்துவிடும்.

முதல் மாதம் ஒரே வகுப்பு, ஒரே பாடம் போதும். கயிற்றுக் கணக்கிலேயே தொடங்குங்கள். ஜியோஜீப்ராக் கோப்பை முந்தின நாளே ஐந்து கணினியிலும் போட்டுத் திறந்து பார்த்துவிடுங்கள், 36 ஊகத்தையும் நோட்டில் எழுத வையுங்கள். பையில் நிஜக் கயிறு 20 மீட்டர் இருக்கட்டும். அன்றைக்கு என்று பார்த்துத்தான் கரண்ட் போகும்.